நிச்சயதார்த்த வைர மோதிரம்: ஆன்லைனில் வாங்கலாமா, ஊர்க் கடையிலேயே எடுக்கலாமா?

மூடுபனி_கோத்தகிரி:

தை மாதக் கடைசியில் எனக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குக் குன்னூர், ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டில் மோதிரம் மாற்றுவதே என் தலைமுறையில்தான் ஆரம்பிக்கிறது, அப்பா காலத்தில் வெற்றிலை பாக்கு மாற்றியதோடு சரி. ஒரு கல் வைத்த வைர மோதிரமாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. கையில் இருப்பது 80,000 ரூபாய், மிஞ்சிப் போனால் 85. அதற்கு மேல் போனால் பச்சைத் தேயிலைப் பணத்தில் கை வைக்க வேண்டும், அது அப்பாவுடையது.

ஆன்லைனில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 30 சென்ட் (0.30 காரட்) கல், நிறம் ஜி, சுத்தம் விஎஸ்1, வைரத்தைத் தரம் பார்க்கும் ஜி.ஐ.ஏ என்ற லேபின் சான்றிதழ், 18 காரட் தங்கம் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு, எல்லாம் சேர்த்து 74,500. பிடிக்காவிட்டால் 15 நாளில் திருப்பலாம் என்கிறார்கள். எங்கள் குடும்பம் இருபது வருடத்துக்கு மேலாக நகை எடுக்கும் கடையில் கேட்டால் அதே 30 சென்ட், "ஈஎஃப் விவிஎஸ், சுத்தமான கல்லு" என்று சொல்லி 88,000. பேசினால் 85-க்கு இறங்குவார். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். கடையின் பெயர் போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். "தம்பி, உங்க அம்மாவுக்குத் தாலிக்கொடி செஞ்சு கொடுத்தவன் நான், என்கிட்டயே சான்றிதழா?" என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு இரண்டு பயம். கண்ணால் பார்க்காத கல்லைக் கூரியர்காரனை நம்பி வாங்குவதா என்பது ஒன்று. இன்னொன்று, வைரம் எல்லோருக்கும் ஒத்து வராது, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் ஆன்லைனில் எந்தக் காரணத்தை டிக் செய்து திருப்பி அனுப்புவது? சிரிக்காதீர்கள், எனக்கு உண்மையிலேயே இதுதான் நிலைமை.


ராஜவீதி_பழைய_ஆள்:

கோவையில் பன்னிரண்டு வருடம் வைர கவுன்ட்டரில் நின்றவன், இப்போது வெலிங்டன் பக்கம் வேறு வேலை. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

முதலில், இரண்டு பேரும் உங்களுக்கு ஒரே பொருளுக்கு விலை சொல்லவில்லை. ஆன்லைனில் சொல்வது ஒரு குறிப்பிட்ட கல்லின் கணக்கு: அந்தக் கல்லை ஒரு லேபில் எடை போட்டு, நிறம் பார்த்து, எண் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க் கடையில் சொன்ன "ஈஎஃப் விவிஎஸ்" என்பது கடைக்காரர் வாய்வார்த்தை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரே கோவையிலோ மும்பையிலோ யாரிடமோ வாங்கும்போது பொட்டலத்தின் மேல் அப்படி எழுதியிருந்திருக்கும், அதை உங்களிடம் சொல்கிறார். ஐந்து சென்ட், இரண்டு சென்ட் பொடிக் கற்கள் பதித்த நகைக்கு இதுதான் நடைமுறை, ஒவ்வொரு பொடிக் கல்லுக்கும் யாரும் தனிச் சான்றிதழ் எடுக்க மாட்டார்கள். ஒற்றைக் கல் 30 சென்ட் என்றால் அந்தச் சாக்கு செல்லாது.

நிறம் டி-யில் ஆரம்பித்து இஸட் வரை போகும், டி என்றால் நிறமே இல்லாதது. ஜி-க்கும் ஈ-க்கும் உள்ள வித்தியாசம், தங்கத்தில் கட்டி விரலில் போட்ட பிறகு, உங்கள் சம்பந்தி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விஎஸ், விவிஎஸ் என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி எவ்வளவு சின்னது என்ற கணக்கு. விஎஸ்1-இல் இருக்கும் புள்ளியைப் பத்து மடங்கு லென்ஸ் வைத்துத்தான் தேட வேண்டும். அதனால் அந்த இரண்டு எழுத்துக்காகப் பத்தாயிரம் கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியம்: கட். வட்டக் கல் நன்றாகப் பட்டை தீட்டியிருந்தால்தான் மேலே விழுந்த வெளிச்சம் திரும்பி மேலேயே வரும், இல்லாவிட்டால் அடியில் ஒழுகிப்போய் நடுவில் கண்ணாடி போலத் தெரியும். சான்றிதழில் கட் என்ற இடத்தில் எக்ஸலன்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 30 சென்ட் வட்டக் கல் விட்டம் 4.3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், அதைவிட ரொம்பக் குறைந்தால் எடையை அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், கல்லின் இடுப்பில், அதாவது மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் விளிம்பில், சான்றிதழ் எண்ணை லேசரில் பொறித்திருப்பார்கள். முடியை விடப் பொடியான எழுத்து. லென்ஸ் வைத்து அதைப் படித்து, ஜி.ஐ.ஏ இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் எடை, அளவு, கிரேடு எல்லாம் வரும். கல்லும் காகிதமும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள வேறு சுலபமான வழி இல்லை.

ஹால்மார்க் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 18 காரட்டுக்கு 750 என்ற எண், ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும் எச்யுஐடி என்ற ஆறு எழுத்துக் குறியீடு, இந்த மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி கட்டாயம், பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் சரிபார்க்கலாம். ஆனால் அது தங்கத்துக்குக் கொடுக்கும் முத்திரை. வைரத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. "ஹால்மார்க் வைரம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில்லில் தங்க எடை தனி, கல் எடை தனி, செய்கூலி தனி, சேதாரம் போட்டால் அதுவும் தனி. கல் எடையைத் தங்க எடையில் சேர்க்கக் கூடாது. ஒரு காரட் என்பது 0.2 கிராம், 100 சென்ட் ஒரு காரட், உங்கள் கல் 0.06 கிராம்தான், ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். தங்கத்தின் காரட் தரம், வைரத்தின் காரட் எடை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஊட்டி மார்க்கெட்டில் மூன்றாவதாக ஒரு கேரட்டும் கிலோ கணக்கில் இருக்கிறது.

கல்லைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள். அந்த ஸ்பாட் லைட்டுக்குக் கீழே சோடா பாட்டில் சில்லு கூட மின்னும். வாசலுக்கு எடுத்து வாருங்கள். நம் மலையில் மூடுபனி இறங்கிய நாளில் ஒரு சீரான வெளிச்சம் இருக்கும் பாருங்கள், வெள்ளைத் தாளில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள் இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகு எங்கே வாங்குவது என்றால், உங்கள் ஊர்க் கடைக்காரரிடமே போய் "ஜி.ஐ.ஏ கல்லாக வரவழைத்துக் கட்டிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஊர்க் கடைகளால் முடியும். கேட்பவர் இல்லாததால் வைத்திருக்க மாட்டார்கள். சான்றிதழ் என்ற பேச்சை உங்கள் பெயரில் எடுக்காதீர்கள். "நமக்கு வேண்டாம்ணே, சம்பந்தி வீட்டில் பேப்பர் கேட்கிறார்கள்" என்று சொல்லுங்கள். அவருக்கும் மரியாதை கெடாது, உங்களுக்கும் காகிதம் வந்துவிடும்.


ஊட்டி_அக்கா:

ஆன்லைனில் வாங்கி அவதிப்பட்டவள் நான். கல்லில் குறை இல்லை தம்பி, விரலில்தான் குறை.

மே மாதம் கோவையில் தங்கை வீட்டில் இருந்தபோது, வியர்வையில் விரல் உப்பியிருக்கும் நேரத்தில் அளவு எடுத்து அனுப்பினேன். மோதிரமும் கச்சிதமாக வந்தது. மார்கழியில் ஊட்டியில் உறைபனி விழுந்த ஒரு காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், சோப்போடு வழுக்கிச் சிங்க் ஓட்டையின் வாயில் போய் நின்றது. ஓட்டையில் தேங்காய் நார் அடைத்திருந்ததால் தப்பித்தது, அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரர் சிங்க்கைச் சுத்தம் செய்யாததற்கு நான் அவரைத் திட்டவில்லை.

குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் உப்பும். அதனால் நம் ஊரில் அளவு எடுப்பவர்கள் ஒரு தடவை எடுத்து முடிக்கக் கூடாது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் நடந்து திரிந்து வந்த பிறகு ஒரு முறை எடுங்கள். நூல் சுற்றி அளப்பதை நம்பாதீர்கள், கடையில் கொத்தாக வைத்திருக்கும் அளவு வளையத்தைப் போட்டுப் பாருங்கள். மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், தாண்டிய பிறகு சுற்ற வேண்டும்.

அளவைக் குறைக்க அந்த ஆன்லைன் கம்பெனியிடம் கேட்டேன். இலவசம்தான், ஆனால் அனுப்பி, அவர்கள் செய்து, திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் மலைப்பாதையில் மண் சரிந்து கூரியர் மேட்டுப்பாளையத்திலேயே நான்கு நாள் உட்கார்ந்திருந்தது. ஊரிலேயே இரண்டு பத்தர்களிடம் போனேன், "வேறு கடைக் கல்லை நான் நெருப்பில் காட்ட மாட்டேன்மா" என்று இருவரும் ஒரே பதில். அதுவும் நியாயம்தான், சூடு கூடிப் போனால் வைரத்தின் மேல் பரப்பு வெளுத்துவிடும் என்கிறார்கள். ஊர்க் கடையில் வாங்கியிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரம் இல்லாவிட்டாலும் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

என் ஓட்டு ஊர்க் கடைக்கு.


குந்தா_டேம்:

ஊட்டி அக்கா சொல்வது சரி, ஆனால் "தெரிந்த கடை" என்பதை இவ்வளவு தூக்கி வைக்காதீர்கள். என் சித்தப்பா தெரிந்த கடையில்தான் வாங்கினார், பில் கூட ஒரு துண்டுச் சீட்டு. ஏழு வருடம் கழித்துப் பெண்ணுக்கு மாற்றிச் செய்யலாம் என்று கோவைக்கு எடுத்துப் போனால், கல் பூமியில் தோண்டி எடுத்தது இல்லை, லேபில் வளர்த்தது என்று மெஷினில் தெரிந்தது. வாங்கிய கடையில் போய்க் கேட்டால் "நான் கொடுத்த கல்லு இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்கிறார். காகிதம் இல்லாததால் அதற்குப் பதில் இல்லை. கடையில் பேனா மாதிரி ஒன்றை வைத்து பீப் சத்தம் வரவைத்துக் காட்டுவார்களே, அது சூடு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று மட்டும்தான் பார்க்கும். லேப் வைரமும் வைரம்தான், அதுவும் அப்படியே கடத்தும், பீப் அடிக்கும். வைரமே இல்லாத, வைரம் மாதிரி இருக்கும் மொய்ஸனைட் என்ற கல் கூட அந்தப் பேனாவை ஏமாற்றும்.

அதற்காக லேப் வைரத்தைத் திட்டவில்லை. தெரிந்து வாங்கினால் நல்ல சாமான். இதே 80,000-க்கு உங்களுக்கு 30 சென்ட்டுக்குப் பதில் ஒரு காரட் பக்கமே லேப் கல் கிடைக்கும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. 2023-இல் பிரதமர் மோடி அமெரிக்கா போனபோது அப்போதைய அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்தது 7.5 காரட் லேப் வைரம். ஆனால் திருப்பி விற்றால் காசு வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அதன் விலை வருடா வருடம் சரிந்துகொண்டே இருக்கிறது. சுரங்க வைரத்துக்குப் பெயர் போன டி பியர்ஸ் கம்பெனியே 2018-இல் லைட்பாக்ஸ் என்று லேப் வைர பிராண்ட் ஒன்றை ஆரம்பித்து 2025-இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. இயற்கைக் கல்லும் போட்ட பணத்தை அப்படியே தராது, அது வேறு கதை.


ராஜவீதி_பழைய_ஆள்:

குந்தாக்காரர் சொன்ன பேனா விஷயம் நூற்றுக்கு நூறு. லேப் கல்லா இயற்கைக் கல்லா என்று கண்ணால், லென்ஸால் சொல்லவே முடியாது, முப்பது வருட அனுபவம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மெஷின் வேண்டும், இல்லையென்றால் ஜி.ஐ.ஏ மாதிரி தரம் பார்க்கும் லேபின் காகிதம் வேண்டும்.


லவ்டேல்_தபால்:

ஆன்லைன்தான் என்று முடிவு செய்தால் சில விஷயம். எஸ்டேட் விலாசத்துக்கு வரவழைக்காதீர்கள், "கதவு பூட்டியிருந்தது" என்று போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள், டவுனில் பகலில் ஆள் இருக்கும் கடை விலாசம் கொடுங்கள். பெட்டி சீல் உடைக்கும் முன்பே போனில் வீடியோவை ஓட விட்டு, சீல், பெட்டி, மோதிரம், எச்யுஐடி எண் வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். உங்கள் அளவுக்கென்று செய்ததற்கும் உள்ளே பெயர் பொறித்ததற்கும் 15 நாள் ரிட்டர்ன் பொருந்துமா என்று சாட்டில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பல இடங்களில் பொருந்தாது. வம்பு வந்தால் மும்பைக்கு அலைய வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஊட்டியிலேயே ஆணையம் இருக்கிறது. ஆனால் அதற்கும் பில் வேண்டும். துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு 3 சதவீதம் ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்தவர்களுக்கு அங்கே பேச வாயே இருக்காது.


பெட்போர்டு_பேக்கரி:

எல்லாம் சரி, போடப் போகிற பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?


மூடுபனி_கோத்தகிரி:

பெட்போர்டு பேக்கரிக்கு நன்றி, மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. உண்மையில் கேட்கவில்லை, சர்ப்ரைஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி போனில் கேட்டேன்.

அவர் முதலில் சொன்னது, கல் எவ்வளவு பெரிது என்று அல்ல, எவ்வளவு உயரமாக நிற்கும் என்று. நான் பார்த்து வைத்தது ஆறு கம்பி கல்லைத் தூக்கிப் பிடித்து நிற்கிற மாதிரி. டியூட்டியில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கையுறை மாட்டிக் கழற்ற வேண்டும், அந்தக் கம்பி கையுறையைக் கிழிக்கும், ஸ்வெட்டர் நூலை இழுக்கும், வார்டில் எப்படியும் கழற்றி வைக்கச் சொல்வார்கள், கழற்றி வைத்தால் தொலையும், என்று ஒரே மூச்சில் சொன்னார். கல்லைச் சுற்றித் தங்கம் தட்டையாக வளைத்துக் கட்டியிருந்தால் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் போட்டுக்கொள்வேன், இல்லாவிட்டால் பீரோவில்தான் இருக்கும் என்றார். லேப் கல் வேண்டுமா என்றும் கேட்டேன், "பெருசா இருந்தா ஊரே பார்க்கும், வேண்டாம்" என்றார்.

எனவே 74,500 மோதிரம் போச்சு. ஆன்லைனில் இப்படித் தட்டையான செட்டிங்கில் நான் பார்த்ததெல்லாம் என் கணக்குக்கு மேலே இருக்கிறது. நாளை ஊர்க் கடைக்குப் போகிறேன், சம்பந்தி பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.


ராஜவீதி_பழைய_ஆள்:

அந்தப் பெண் விவரமானவர். அதற்குப் பெசல் செட்டிங் என்று பெயர், 18 காரட்டிலேயே செய்யச் சொல்லுங்கள், கல் அசையாமல் இருக்கும். ஆனால் ஒன்று, நான் மேலே சொன்னேனே இடுப்பில் லேசர் எழுத்து, பெசல் கட்டினால் தங்கம் அதை மூடிவிடும், பிறகு பிரிக்காமல் படிக்க முடியாது. கல் தனியாக இருக்கும்போதே லென்ஸ் வைத்து எண்ணைப் படித்துவிட்டு, அப்புறம் கட்டக் கொடுங்கள்.

அம்மா பழைய கற்களைப் பார்த்தவர் என்றால் ப்ளூ ஜாகர், அதாவது லேசாக நீலம் அடிக்கும் வெள்ளைக் கல், வேண்டும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது, பேசரி மூக்குத்தியிலும் ஏழு கல் தோட்டிலும் நம் பாட்டிகள் விரும்பிப் போட்டது. இன்றைக்குச் சான்றிதழில் ஃப்ளோரசன்ஸ் என்ற இடத்தில் பார்த்தால் கல் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிருமா என்று போட்டிருக்கும். உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதா கூடும், அதனால் ஊட்டி வெயிலில் அப்படிப்பட்ட கல் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியலாம். ஸ்ட்ராங் என்று போட்டிருந்தால் மட்டும் வெளியில் வைத்துப் பாருங்கள், சில கல் பால் ஊற்றிய மாதிரி மங்கும்.


மூடுபனி_கோத்தகிரி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

சம்பந்தி தந்திரம் வேலை செய்தது. "அவங்க வீட்ல கேட்டா கொடுத்துத்தானே ஆகணும்" என்று கடைக்காரரே சொன்னார். ஒரு வாரத்தில் ஜி.ஐ.ஏ கல் மூன்று வரவழைத்தார், மூன்றும் தனித்தனிப் பொட்டலம். 31 சென்ட், ஜி, விஎஸ்2, கட் எக்ஸலன்ட் ஒன்றை எடுத்தோம், விட்டம் 4.35. லென்ஸ் அவரிடமே இருந்தது, எண்ணை நானும் படித்தேன், அவரும் படித்தார், போனில் போட்டுப் பார்த்தபோது என்னை விட அவர்தான் ஆச்சரியப்பட்டார். பெசல் மோதிரத்தோடு பில் போட்டு 81,200. ஆன்லைனை விட 6,700 அதிகம், தெரிந்துதான் கொடுக்கிறேன். குளிர் காலத்தில் ஒரு தடவை, வெயில் காலத்தில் ஒரு தடவை அளவு சரிசெய்து தருவதாகப் பில்லின் பின்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஊட்டி அக்காவுக்கு நன்றி.

இன்னொன்று. அம்மாவின் மூன்று நாள் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு ரூபாய் முன்பணம் வாங்காமல், கல்லைப் பொட்டலத்தோடு மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "அம்மா பார்த்துட்டுச் சொல்லட்டும், அப்புறம் கட்டலாம்." இதை எந்த வெப்சைட்டில் போய்க் கேட்பது?

பொட்டலம் இப்போது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. நேற்றோடு இரண்டு ராத்திரி முடிந்தது. விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, முந்தாநாள் இரவு ஒரு காட்டெருமை வேலியை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது தவிர. அது வழக்கமாக வருகிற எருமைதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.